பிக்கப்பின் முன்பக்கம் ஏன் தாழ்ந்திருக்கிறது?

பாரம் ஏற்றாத பிக்கப் வண்டியைச் சமதளத்தில் நிறுத்திப் பக்கவாட்டில் பார்த்தால், பின்பக்கம் உயர்ந்தும் முன்பக்கம் தாழ்ந்தும் இருக்கும். வித்தியாசம் சில வண்டிகளில் இரண்டு விரற்கடை, சிலவற்றில் நான்கு விரற்கடை. புது வண்டி வாங்கியவர்கள் பலருக்கு இது குறையாகவே தோன்றுகிறது. முன்பக்க சஸ்பென்ஷனை உயர்த்தி வண்டியை நேராக நிற்க வைப்பதும், கிடைத்த இடைவெளியில் பெரிய சக்கரம் மாட்டுவதும் அமெரிக்கா, ஆஸ்திரேலியா, தாய்லாந்து ஆகிய நாடுகளில் பெருந்தொழிலாக வளர்ந்திருக்கின்றன. 'லெவலிங்' எனப்படும் இந்த வேலை தமிழ்நாட்டுப் பட்டறைகளுக்கும் வந்து நாளாகிறது.

இதன் நன்மை தீமையை எடைபோட ஏலமலைச் சரிவைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது. தேனி மாவட்டத்தில் போடிநாயக்கனூருக்கும் தேவாரத்துக்கும் இடையே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கிறது ராசிங்காபுரம். இதைப் போன்ற அடிவார ஊர்களிலிருந்து இடுக்கி மாவட்ட ஏலத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிறவர்களை விடியற்காலையில் ஜீப்புகள் ஏற்றிச் செல்கின்றன. உரமும் தளவாடமும் பிக்கப்பில் மேலே போகின்றன. உலர்த்திய ஏலக்காய் மூட்டைகள் போடி ஏல மையத்துக்குக் கீழே வருகின்றன. போடியிலிருந்து முந்தல் வழியாகப் போடிமெட்டுக்கு ஏறும் சாலை, கொச்சியையும் தொண்டியையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை 85-இன் ஒரு பகுதி. அதில் 17 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. போடிமெட்டு ஏறத்தாழ 4,500 அடி உயரத்தில் இருப்பதால், சுமார் 25 கிலோமீட்டர் தூரத்தில் வண்டி ஆயிரம் மீட்டர் ஏறியாக வேண்டும். நெடுஞ்சாலையை விட்டு விலகித் தோட்டத்துக்குள் நுழைந்தால் தார் கிடையாது. உருண்டைக் கல்லும் மழை அரித்த பள்ளமும்தான். ஒரே நாளில் தார்ச்சாலை, கொண்டை ஊசி, கல்பாதை மூன்றையும் கடக்கும் வண்டிக்கு எந்த மாற்றமும் ஒரு பக்கம் கொடுத்து மறுபக்கம் எடுக்கும்.

முன்பக்கம் தாழ்ந்திருப்பதற்குக் காரணம் பாரம். எடுத்துக்காட்டாக, காலியாக 1,600 கிலோ எடையுள்ள பிக்கப்பில் முன் அச்சின் மீது 900 கிலோவும் பின் அச்சின் மீது 700 கிலோவும் இறங்குவதாகக் கொள்ளலாம். எஞ்சின், கியர் பெட்டி, கேபின் எல்லாம் முன்னால் இருப்பதால் முன் அச்சுக்குக் கூடுதல் பங்கு. இதில் 1,200 கிலோ சரக்கை ஏற்றினால், சரக்குத் தொட்டி பின் அச்சின் மேல் இருப்பதால் முன்னால் 50 கிலோ மட்டும் கூடும். மீதி 1,150 கிலோவும் பின் அச்சின் தலையில்தான். முன் அச்சின் பாரம் 950 கிலோ ஆகும்போது பின் அச்சின் பாரம் 1,850 கிலோ ஆகிவிடுகிறது, அதாவது முன்பிருந்ததைப் போல் இரண்டரை மடங்குக்கு மேல். பாரம் ஏறியதும் முன் ஸ்பிரிங் அதிகம் அசையாது. பின் பட்டை ஸ்பிரிங்குகள் நன்றாக அமுங்கும். அந்த அமுக்கத்தை முன்கூட்டியே கணக்கிட்டுத்தான் தயாரிப்பாளர் பின்பக்கத்தை உயர்த்தி வைக்கிறார். காலியாக இருக்கும்போது குனிந்து நிற்கும் வண்டி, முழுப் பாரத்தில் நேராக நிற்கும்.

ஆகவே காலி வண்டியின் முன்பக்கத்தை 40 மில்லிமீட்டர் உயர்த்தி நேராக்கினால், அதே வண்டி பாரத்தோடு நிற்கும்போது பின்பக்கம் தாழ்ந்து மூக்கை மேலே தூக்கிக்கொள்ளும். வார இறுதியில் குடும்பத்தோடு மூணாறு போய்வரும் வண்டிக்கு இது பெரிய விஷயமல்ல. தினமும் மூட்டை ஏற்றும் வண்டிக்கு இதுவே முதல் கேள்வி. அளவு நாடாவைப் பிடிக்க வேண்டியது காலி வண்டியில் அல்ல, வழக்கமான பாரத்தை ஏற்றிய வண்டியில். இந்த ஒன்றைச் செய்தாலே மலைச்சரிவில் ஓடும் பிக்கப்புகளில் பலவற்றுக்கு லெவலிங் தேவையில்லை என்பது தெரிந்துவிடும்.

ஏற்றத்தில் இது இன்னும் கூர்மையாகிறது. பத்துக்கு ஒன்று என்ற சரிவில் ஏறும்போது, ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 80 சென்டிமீட்டர் உயரத்திலும் முன் பின் அச்சுகளுக்கு இடையே 3 மீட்டர் தூரமும் உள்ள 2,800 கிலோ வண்டியில், சுமார் 75 கிலோ பாரம் முன் அச்சிலிருந்து பின் அச்சுக்கு மாறுகிறது. மேலே சொன்ன வண்டியில் முன் அச்சின் 950 கிலோ இப்போது 875 ஆகிவிடும். காலி வண்டியில் இருந்ததைவிடவும் குறைவு. முன் சக்கரம்தான் திரும்பும் சக்கரம். அதன் மேல் பாரம் குறையக் குறைய ஸ்டியரிங் லேசாகி, ஈரச் சாலையில் திருப்பத்துக்குக் கட்டுப்பட மறுக்கும். முன்பக்கத்தை உயர்த்துவதால் மட்டும் மேலும் 10 கிலோ போலத்தான் பின்னால் நகரும். தனியாகப் பார்த்தால் சிறிய தொகை. ஆனால் அது சேருவது ஏற்கெனவே லேசாகிவிட்ட அச்சின் கணக்கில்.

உயர்த்தும் முறை, வண்டியின் முன்பக்க அமைப்பைப் பொறுத்தது. மலையில் இன்றும் ஓடும் பழைய மகிந்திரா ஜீப்புகளின் மூலம் வில்லீஸ் ஜீப். 1947-இல் மகிந்திரா நிறுவனம் வில்லீஸ் வண்டிகளை இந்தியாவில் பொருத்தத் தொடங்கியது. அந்த வழியில் வந்த வண்டிகளில் முன்னும் பின்னும் முழு அச்சும் பட்டை ஸ்பிரிங்கும் இருந்தன. இவற்றில் முன்பக்கத்தை உயர்த்தப் பட்டறைக்காரர்கள் மூன்று வழிகளில் ஒன்றைக் கையாளுகிறார்கள்: பட்டைக் கட்டில் கூடுதல் பட்டை சேர்ப்பது, இருக்கும் பட்டைகளுக்கு வளைவு ஏற்றுவது, பட்டையின் முனையைத் தாங்கும் ஷாக்கிளை நீளமாக்குவது.

பட்டை சேர்ப்பதில் ஒரு கணக்கு அடிக்கடி தவறவிடப்படுகிறது. பட்டையின் விறைப்பு அதன் கனத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். 6 மி.மீ. பட்டைகள் உள்ள கட்டில் 8 மி.மீ. பட்டை ஒன்றைச் சேர்த்தால், அகலமும் நீளமும் ஒன்றாக இருக்கும் பட்சத்தில், அந்த ஒரு பட்டை பழைய பட்டைகள் இரண்டுக்கும் மேலான விறைப்பைக் கொண்டுவந்துவிடும். வண்டி உயரும், கூடவே கல்லாகவும் மாறும். பாரத்தில் ஸ்பிரிங் 150 மி.மீ. அமுங்கி நிற்கும் வண்டி நொடிக்குச் சுமார் 1.3 முறை மேலும் கீழும் ஆடும் இயல்புடையது. விறைப்பு இரட்டித்து அமுக்கம் 75 மி.மீ. ஆனால் ஆட்டம் நொடிக்கு 1.8 முறையாகிவிடும். நடையின் தாளத்தை ஒட்டிய, நொடிக்கு ஒன்றிலிருந்து ஒன்றரை வரையிலான ஆட்டத்தை மனித உடல் எளிதில் தாங்கும். அதைத் தாண்டியதும் அலுப்பு தொடங்குகிறது. பின் இருக்கையில் நெருக்கியடித்து உட்கார்ந்து தினமும் இரண்டு முறை மலை ஏறி இறங்கும் தொழிலாளர்களின் இடுப்புக்கும் முதுகுக்கும் இந்த அரை முறை வித்தியாசம் நன்றாகவே தெரியும். வண்டியை மாற்றுகிறவர் ஓட்டுநர் இருக்கையில் இருந்து மட்டும் யோசிப்பது போதாது.

ஷாக்கிளை நீட்டுவது மலிவான வழி. ஆனால் பட்டையின் ஒரு முனை மட்டும் இறங்குவதால் அச்சே சற்றுச் சுழன்றுவிடும். சக்கரம் திரும்பும் அச்சுக்கோடு செங்குத்தாக இல்லாமல், மேல் முனை பின்னோக்கிச் சாய்ந்திருப்பதைக் காஸ்டர் என்பார்கள். திருப்பம் முடிந்ததும் ஸ்டியரிங் தானாக நேருக்கு வருவது இந்தச் சாய்வால்தான். கொண்டை ஊசி வளைவில் முழுக்க ஒடித்த ஸ்டியரிங் கையை விட்டதும் திரும்பி வராவிட்டால், அடுத்த வளைவுக்குள் ஓட்டுநர் அதை இழுத்து நேராக்க வேண்டியிருக்கும். அச்சுக்கும் பட்டைக்கும் இடையே ஆப்புத் தகடு வைத்துக் காஸ்டரைச் சரிசெய்யலாம். அப்படிச் செய்யாமல் அனுப்பப்படும் வண்டிகள் சாலையில் அலைபாயும்.

பொலிரோ, ஐசுசு டி-மேக்ஸ், டொயோட்டா ஹைலக்ஸ் போன்ற வண்டிகளில் முன்பக்க அமைப்பு வேறு. சக்கரம் ஒவ்வொன்றும் தனித்தனிக் கைகளில் தொங்குகிறது. பாரத்தைத் தாங்குவது காயில் ஸ்பிரிங். ஐசுசுவிலும் ஹைலக்ஸிலும் மேலும் கீழுமாக இரண்டு முக்கோணக் கைகள் இருக்கின்றன. இத்தகைய வண்டிகளில் ஸ்பிரிங் கூட்டின் தலைக்கு மேல் ஒரு தடிமனான வட்டு வைப்பதுதான் பரவலான லெவலிங் முறை. ஸ்பிரிங் கீழ்க் கையின் முனையில் அல்லாமல் நடுவில் எங்கோ உட்கார்ந்திருப்பதால், சக்கரம் 100 மி.மீ. நகரும்போது ஸ்பிரிங் 55 மி.மீ. மட்டுமே நகரும் என்று வைத்துக்கொண்டால், 25 மி.மீ. வட்டு வண்டியை 45 மி.மீ. உயர்த்திவிடும். வட்டின் கனமும் வண்டியின் உயர்வும் ஒன்று என்று நினைத்து 50 மி.மீ. வட்டைப் பொருத்துகிறவர்கள் 90 மி.மீ. உயர்த்திவிட்டுத் திகைக்கிறார்கள். முறுக்குத் தண்டு ஸ்பிரிங் உள்ள வண்டிகளில் வட்டு தேவையில்லை. தண்டின் முனையில் உள்ள போல்ட்டை முறுக்கினால் போதும். எளிதாக இருப்பதாலேயே அளவு மீறிப் போவதும் அதில்தான்.

தலைவட்டு ஸ்பிரிங்கின் விறைப்பை மாற்றுவதில்லை. பயணம் பழையபடியே மென்மையாக இருக்கும் என்பது உண்மை. இழப்பு வேறிடத்தில் இருக்கிறது. சக்கரம் மேலே 100 மி.மீ., கீழே 100 மி.மீ. நகரக்கூடிய வண்டி 40 மி.மீ. உயர்த்தப்பட்ட பின், கைகளின் எல்லை மாறாதவரை, மேலே 140-உம் கீழே 60-உம் மட்டுமே நகரும். தார்ச்சாலையில் இது தெரியாது. மழை அரித்த தோட்டப் பாதையில், ஒரு சக்கரம் பள்ளத்துக்குள் இறங்க வேண்டிய இடத்தில் தெரியும். 60 மி.மீ. இறங்கியதும் அது அந்தரத்தில் தொங்கும். தரையைத் தொடாத சக்கரத்தால் இழுக்கவும் முடியாது, நிறுத்தவும் முடியாது. கொழுக்குமலை இதற்குச் சரியான இடம். தேயிலைத் தோட்டம் தேனி மாவட்டத்தில் இருக்கிறது. ஜீப் பாதையோ கேரளத்தின் சூரியநெல்லியிலிருந்து ஏறுகிறது. பாறையும் குழியுமான அந்தப் பாதையில் பழைய ஜீப்புகள் நின்று பிடிப்பதற்கு உயரத்தைவிட நான்கு சக்கரமும் தரையைத் தேடித் தொடும் தன்மையே முக்கியக் காரணம்.

கைகளின் கோணம் மாறும்போது சக்கரத்தின் நிலையும் மாறும். மேல்பகுதி உள்ளோ வெளியோ சாய்வது கேம்பர். இரு முன் சக்கரங்களின் முனைகள் ஒன்றையொன்று நோக்குவதோ விலகுவதோ டோ. டயரைத் தின்பதில் டோவுக்குத்தான் முதலிடம். ஒரு சக்கரம் அரை டிகிரி திரும்பி நின்றால், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் கிட்டத்தட்ட 9 மீட்டர் தூரம் அது பக்கவாட்டில் தேய்த்து இழுக்கப்படுவதற்குச் சமம். போடியிலிருந்து போடிமெட்டு போய்த் திரும்பினால் 400 மீட்டருக்கும் மேலான தேய்ப்பு. சில ஆயிரம் கிலோமீட்டரில் டயரின் ஓரம் ரம்பப் பல்லாகிவிடும். முன்பக்கத்தைத் தொட்ட வண்டி வீல் அலைன்மென்ட் பார்க்காமல் மலையேறக் கூடாது என்பதில் விலக்கே இல்லை. நான்கு சக்கர இழுவை வண்டியாக இருந்தால் முன் சக்கரத்துக்குப் போகும் இழுவைத் தண்டின் மூட்டுகளும் செங்குத்தான கோணத்தில் வேலை செய்ய வேண்டிவரும். ரப்பர் உறை கிழிந்து, மண் புகுந்து, மூட்டு கடகடக்கத் தொடங்குவது அங்கிருந்துதான்.

இனி சக்கரம். தரையிலிருந்து வண்டியின் மிகத் தாழ்ந்த உறுப்பு எது என்பதே இங்கே கேள்வி. முழு அச்சு வண்டிகளில் அது அச்சின் நடுவே உருண்டு தொங்கும் ஹவுசிங். ஸ்பிரிங்கை எவ்வளவு உயர்த்தினாலும் பம்பரும் சேசிஸும் உயருமே ஒழிய, ஹவுசிங் இம்மியும் உயராது. அது சக்கரத்தின் மையத்தோடு கட்டப்பட்டது. அதை உயர்த்தக்கூடியது பெரிய டயர் ஒன்றுதான், அதுவும் விட்டத்தில் கூடியதில் பாதி அளவு. பொலிரோவில் வரும் 215/75 ஆர் 15 டயரை எடுத்துக்கொள்வோம். முதல் எண் மி.மீ. கணக்கில் அகலம், இரண்டாவது, பக்கச் சுவரின் உயரம் அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது, கடைசி எண் அங்குலக் கணக்கில் ரிம்மின் விட்டம். கூட்டினால் டயரின் மொத்த விட்டம் சுமார் 703 மி.மீ. அதற்குப் பதில் 235/75 ஆர் 15 மாட்டினால் விட்டம் 733 மி.மீ. கூடியது 30 மி.மீ.; ஹவுசிங் உயர்ந்தது 15 மி.மீ. மட்டுமே. கல்பாதையில் இந்த ஒன்றரை சென்டிமீட்டர் சில இடங்களில் உண்மையிலேயே உதவும். அகலமான டயர் மென்மண்ணில் புதையாமல் மிதப்பதும் மழைக்காலத்தில் பயன்தான்.

விலை இதோ. விட்டம் 4 சதவீதத்துக்குச் சற்று மேல் கூடியதால், ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது வண்டி உண்மையில் 62.6 கிலோமீட்டர் வேகத்தில் போகும். வேகத்தைவிட முக்கியம் இழுவை. எஞ்சினிலிருந்து அச்சுக்கு வரும் முறுக்கு விசை அதேதான். அதைத் தரைக்குக் கொண்டுசெல்லும் சக்கரத்தின் ஆரம் கூடிவிட்டதால், தரையில் கிடைக்கும் தள்ளுவிசை 4 சதவீதம் குறைகிறது. எல்லா கியரும் சற்று மேலேறிவிட்டதைப் போல. செங்குத்தான வளைவில் பாரத்தோடு நின்று மறுபடி கிளம்பும்போது கிளட்சைக் கூடுதலாக நழுவவிட வேண்டியிருக்கும்; கருகிய வாடை அங்கேதான் வரும். தாழ் கியர் பெட்டி உள்ள ஜீப்புக்கு இது பொருட்டல்ல. இரு சக்கர இழுவை பிக்கப்புக்குப் பொருட்டு.

இறக்கத்தில் கணக்கு இன்னும் கடுமையானது. 2,800 கிலோ வண்டி ஆயிரம் மீட்டர் இறங்கும்போது கைவிட வேண்டிய ஆற்றல் 2.7 கோடி ஜூலுக்கு மேல். அறை வெப்பத்தில் உள்ள 80 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர அது போதும். காற்றும் டயர் உராய்வும் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். எஞ்சின் தடை இன்னொரு பங்கை. மீதி முழுவதும் பிரேக் லைனிங்கில் வெப்பமாக இறங்க வேண்டும். பெரிய சக்கரம் இங்கே இரண்டு பக்கமும் வெட்டுகிறது. எஞ்சின் தடையும் நீளமான அதே ஆரத்தின் வழியாகத்தான் தரைக்கு வர வேண்டும் என்பதால் அது 4 சதவீதம் பலம் குறைகிறது. பிரேக்கும் பழைய அளவிலேயே இருப்பதால், அதே நிறுத்துவிசைக்கு மிதியை அதிகம் அழுத்த வேண்டும். சூடேறிய லைனிங் பிடிப்பை இழக்கும் நிலைக்கு வண்டி முன்கூட்டியே வந்து சேரும். ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்று மலை ஓட்டுநர்கள் கடைப்பிடிக்கும் விதி, பெரிய டயர் மாட்டிய வண்டியில் ஒரு கியர் குறைத்து இறங்க வேண்டும் என்றாகிவிடுகிறது.

கொண்டை ஊசி வளைவுகள் மற்றொரு தடையை வைக்கின்றன. அகலமான டயர் முழு ஒடிப்பில் சேசிஸையோ மட்கார்டின் உட்புறத்தையோ உரசும். உரசலைத் தவிர்க்கப் பட்டறையில் ஸ்டியரிங்கின் எல்லை போல்ட்டை வெளியே திருப்பி ஒடிப்பைக் குறைத்துவிடுகிறார்கள். அச்சுகளுக்கு இடையே 3 மீட்டர் தூரமுள்ள வண்டியில் வெளிச் சக்கரத்தின் ஒடிப்பு 33 டிகிரியிலிருந்து 30 ஆகக் குறைந்தால், வண்டி திரும்பும் வட்டத்தின் விட்டம் ஏறக்குறைய ஒரு மீட்டர் கூடும். நெடுஞ்சாலையின் வளைவுகளில் சமாளித்துவிடலாம். தோட்டப் பாதையின் குறுகிய திருப்பத்தில் ஒரே வீச்சில் திரும்பிய வண்டி, இனி பாரத்தோடு சரிவில் பின்னால் எடுத்து மறுபடி ஏற வேண்டும். 15 மி.மீ. உயரத்துக்கு ஒரு மீட்டர் திருப்பம் என்பது ஏலமலையில் நட்டக் கணக்கு. உரசலைத் தவிர்க்க இன்னொரு வழியாகச் சக்கரத்தை வெளியே தள்ளும் ரிம்மோ ஸ்பேசரோ போடுகிறார்கள். அதில் பாரம் பேரிங்கின் மையத்தை விட்டு விலகி விழுவதால் பேரிங் சீக்கிரம் தேயும். கல்லில் மோதும் ஒவ்வொரு முறையும் ஸ்டியரிங் கையை உதறும்.

கவிழும் அபாயத்தை அளக்க எளிய வழி ஒன்றுண்டு. இடது வலது சக்கரங்களுக்கு இடையிலான அகலத்தில் பாதியை ஈர்ப்பு மையத்தின் உயரத்தால் வகுக்க வேண்டும். விடை எவ்வளவு பெரியதோ அவ்வளவு உறுதி. 1.4 மீட்டர் அகலமும் 80 சென்டிமீட்டர் ஈர்ப்பு மைய உயரமும் உள்ள 2,000 கிலோ ஜீப்புக்கு விடை 0.875. முன்பக்க உயர்வும் பெரிய டயரும் சேர்ந்து மையத்தை 35 மி.மீ. உயர்த்தினால் அது 0.84 ஆகிறது, 4 சதவீத இழப்பு. அதே ஜீப்பின் கூரையில், தரையிலிருந்து 2.1 மீட்டர் உயரத்தில், 300 கிலோ ஏற்றினால் விடை 0.72-க்கு விழுகிறது, 17 சதவீதத்துக்கும் மேலான இழப்பு. மலைச்சாலையில் கூரைப் பாரம் லெவலிங்கைவிட நான்கு மடங்கு கொடியது என்பதே இதன் பொருள். கூரையில் ஏற்றிக்கொண்டு சஸ்பென்ஷனைப் பற்றி வாதிடுவதில் பயனில்லை.

சரக்கின் தன்மையும் இதில் சேரும். உலர் ஏலக்காயின் தரத்தைப் போடிச் சந்தையில் லிட்டர் எடையாலும் மதிப்பிடுவார்கள். ஒரு லிட்டர் காய் சுமார் 400 கிராம். யூரியா அதைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு கனம். ஒரு டன் யூரியா 4.25 சதுர மீட்டர் தொட்டியில் 30 சென்டிமீட்டர் உயரத்துக்கு அடங்கினால், ஒரு டன் ஏலக்காய் கிட்டத்தட்ட 60 சென்டிமீட்டருக்கு அடுக்கும். எடை ஒன்றானாலும் ஏலக்காய் பாரத்தின் மையம் கூடுதலாக 15 சென்டிமீட்டர் மேலே நிற்கும். மேலே உரம், கீழே காய் என்று ஓடும் வண்டி, சாயும் வாய்ப்பு கூடிய பாரத்தோடுதான் இறக்கத்தில் வருகிறது.

முன்பக்கம் உயர்ந்தால் முகவிளக்கும் வானம் பார்க்கும். 3 மீட்டர் அச்சு இடைவெளியில் 40 மி.மீ. உயர்வு என்பது, 30 மீட்டர் தொலைவில் ஒளிக்கற்றை 40 சென்டிமீட்டர் மேலே எழுவதாகும். எதிரே வரும் பேருந்து ஓட்டுநரின் கண்ணில் அது நேராக விழும். சொந்தச் சாலையின் ஓரம் இருட்டாகும். பனிமூட்டமுள்ள போடிமெட்டில் மேல்நோக்கிய ஒளி மூட்டத்தில் பட்டு ஓட்டுநரின் கண்ணுக்கே திரும்பி வரும். விளக்கின் பின்னால் உள்ள திருகைச் சுவரில் அடையாளம் வைத்துச் சரிசெய்யப் பத்து நிமிடம் போதும். லெவலிங் வேலையில் மிக எளிதானதும் அதிகமாக விட்டுவிடப்படுவதும் இதுவே. பின்பக்கம் அமுங்கினால் கற்றை மறுபடி எழும் என்பதால், இதையும் பாரத்தோடு நிறுத்தித்தான் பார்க்க வேண்டும்.

சட்டமும் இந்த விஷயத்தில் தெளிவாக இருக்கிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டவற்றிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து வந்த வழக்கொன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவின் கண்டிப்பை உறுதி செய்தது. அதே ஆண்டின் சட்டத் திருத்தம், அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்க வழி செய்தது. விபத்துக்குப் பின் காப்பீட்டுக் கணக்கெடுப்பாளர் முதலில் கவனிப்பதும் இத்தகைய மாற்றங்களைத்தான். அதே மாடலின் வேறொரு வகைக்குத் தயாரிப்பாளரே தரும் டயர் அளவுக்குள் நின்றுகொள்வது பாதுகாப்பான எல்லை.

எல்லாவற்றையும் யோசித்த பிறகும் மாற்றத்தான் வேண்டும் என்று முடிவு செய்தால், உயர்வை 25 முதல் 40 மி.மீ.க்குள் வைத்துக்கொள்வது நல்லது. டயரில் அளவோடு பாரக் குறியீட்டையும் பார்க்க வேண்டும்: 100 என்றால் ஒரு டயர் 800 கிலோ தாங்கும், 105 என்றால் 925 கிலோ. தோற்றத்துக்காகக் குறைந்த குறியீடுள்ள டயரைச் சரக்கு வண்டியில் மாட்டுவது ஆபத்து. பட்டையை அச்சோடு கட்டும் யு-போல்ட்டுகள் புதிதாக இறுக்கிய பின் தளரக்கூடியவை. முதல் சில நூறு கிலோமீட்டருக்குள் மறுபடி இறுக்க வேண்டும். சக்கர நட்டுகளுக்கும் அதே விதி. பிரேக் ஹோஸ் உயர்ந்த சஸ்பென்ஷனில் இழுபடுகிறதா என்பதைச் சக்கரம் முழுக்கத் தொங்கும் நிலையில் பார்த்துவிட வேண்டும்.

நான்கு சக்கர இழுவை வண்டியில் டயர்களை இரண்டிரண்டாக மாற்றுவது கூடாது. பழைய ஜீப் வகையில் நான்கு சக்கர இழுவையைப் போட்டதும் முன் பின் தண்டுகள் ஒரே வேகத்தில் பூட்டப்படுகின்றன. முன்னால் 703, பின்னால் 733 மி.மீ. விட்டம் என்றால் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 40 மீட்டருக்கு மேல் கணக்கு ஒத்துப்போகாது. ஈரமண்ணில் டயர் வழுக்கி அந்த வித்தியாசத்தைத் தீர்த்துக்கொள்ளும். தாரில் தீர்க்க வழியின்றித் தண்டும் பல்சக்கரமும் முறுக்கேறி உடையும். ஸ்டெப்னியும் இதே அளவில்தான் இருக்க வேண்டும். பெரிய டயர் தொட்டிக்கு அடியிலுள்ள ஸ்டெப்னி தாங்கியில் அடங்குகிறதா என்பதை, டயருக்குப் பணம் கொடுப்பதற்கு முன்பே அளந்துவிடலாம்.